வராதீங்க என்று சொன்ன எட்டு நாள்

எங்கள் ஊர் வழியாக முதன்முதலாக பஸ் விட்ட அன்று, அது கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவதற்காக என் மாமியார் அதில் ஏறிப் போனார். வேறு காரியம் ஒன்றுமில்லை. உடுமலைப்பேட்டையில் இறங்கி, டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கிற கடையில் தானும் ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்து எருமைக்குத் தண்ணீர் காட்டினார். அப்போது மாமனார் உயிரோடு இருந்தார்.

"எங்க போயிட்டு வாரே?"

"பஸ்ஸு எதுவரைக்கும் போவுதுன்னு பாத்துட்டு வாரனுங்க."

"கண்டக்டரக் கேட்டாச் சொல்லீருப்பானே?"

"அது அவன் பாத்ததுங்க. நான் பாக்க வேண்டாமா?"

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். எட்டாவது வரை படித்தேன். வெளி ஆட்கள் வந்தால் எனக்கு நாக்கு எழாது. தாராபுரத்துக்குத் தெற்கே இருந்த இந்தத் தோட்டத்து வீட்டில் எனக்குப் பிடித்த இடம் அந்தக் கதவுக்குப் பின்பக்கம்தான்.

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். அவர் என்னை அம்மணி என்பார். மனசு குளிர்ந்திருந்தால் கண்ணு என்பார்.

எங்கள் கிணற்றுக்கு கரண்டு மோட்டார் வந்தபோது, மாட்டிக் கொடுத்த ஆள் "யாராச்சும் வந்து சுச்சப் போடுங்க" என்று கூப்பிட்டான். ஆண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் போட்டார். அது மட்டுமல்ல. சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்குடன் அவர்தான் முதலில் போவார். பிரசவமான வீட்டில் மூன்று நாள் அங்கேயே படுத்துக்கொள்வார். யாரும் கூப்பிட வேண்டாம். போய்விட்டு வந்து, "அந்தப் புள்ளைக்குப் பால் ஊறலையாட்ட இருக்குது, கொஞ்சம் பூண்டு உரிச்சு வெய்யி அம்மணி" என்று எனக்கு வேலை வைப்பார். கால் ஓரிடத்தில் நிற்காத மனுஷி.

மாமனார் இறந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து, அத்தைக்குக் கண் மங்க ஆரம்பித்தது.

யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். ஒரு நாள் என் வீட்டுக்காரருக்குக் குழம்பு ஊற்றும்போது இலையை விட்டுத் தரையில் ஊற்றினார். இன்னொரு நாள் காட்டில் நின்ற சோளக்கொல்லைப் பொம்மையிடம், "ஏனுங்க, எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, வாயத் தொறந்துபோடாதே. தெரிஞ்சா என்னையப் புடிச்சு மூலையில உக்கார வெச்சுப்போடுவாங்க. சோறு கையில வரும். அப்புறம் குச்சி வரும். நான் அப்படி இருக்கமாட்டேன்."

எனக்குப் பேசாமல் இருக்கச் சொல்லித் தரவேண்டியதில்லை. இரண்டு வருஷம் மறைத்தோம். வருகிறவர்களை நடையை வைத்தும் இருமலை வைத்தும் செருப்புச் சத்தத்தை வைத்தும் அத்தை கண்டுபிடித்துவிடுவார். தப்பே வராது. ஒரு தடவைதான் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களை வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் "வாங்க" என்று கேட்க வேண்டும். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரையும் தனித்தனியாக முகம் பார்த்துக் கேட்க வேண்டும். படுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். சோற்றில் உப்பு இல்லை என்றால் பொறுத்துக்கொள்வார்கள். வாங்க கேட்கவில்லை என்றால் அந்த வாசலை மறுபடி மிதிக்கமாட்டார்கள்.

என் இரண்டாவது மகளுக்குக் காது குத்தினோம். வாசலில் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நின்று வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே தம்பி மனைவியோடு வந்தார். அந்த மனுஷர் அதிகம் பேசாதவர். செருப்பில்லாமல் நடக்கிறவர். வந்து அக்காவுக்கு நேராக நின்றார். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அத்தை அவரைத் தாண்டிப் பின்னால் வந்தவர்களின் குரலைக் கேட்டு, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்று சிரித்தார். தம்பி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி நடந்தார். கை நனைக்காமல் போய்விட்டார்.

சாயங்காலம்தான் எங்களுக்கு விஷயம் வந்தது. "கூடப் பொறந்தவ என்னைய நேருக்கு நேரா பாத்துட்டு வாங்கன்னு கேக்கல" என்று பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ சொன்னாராம். "உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லி உடலாமுங்க அத்தை" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தம்பி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

அடுத்த கோடை விடுமுறையில் தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் வைத்தியம் பார்க்கிறார்கள், கோயமுத்தூரிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள் என்று தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். புரையை எடுத்துவிட்டால் பார்வை வந்துவிடுமாம். அத்தை அன்றைக்கே மகன்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எனக்கு ரெண்டு கண்ணும் தெரியலை. கத்தி வெச்சுக்கப் போறேன்."

என் வீட்டுக்காரர் அம்மாவின் கண்ணையே பார்த்தார். கொழுந்தனார்தான் குதித்தார்.

"உங்களுக்கென்னுங்கம்மா பைத்தியமா? மேக்கால தோட்டத்துப் பெரியவரு கத்தி வெச்சு, இருந்த மங்கலும் போயிருச்சு. இந்த வயசுல பாத்து என்ன பண்ணப் போறீங்க? நாங்க இல்லையா?"

"நீ இருக்கறே. நீ பாக்கறத நான் பாக்க முடியுமா?"

"போயிருச்சுன்னா?"

"போனாப் போச்சு. இப்பவே பாதி போயாச்சு. சும்மா உக்காந்து போறதுக்கு, போய்ப் பாத்துட்டுப் போவட்டும்."

மகன்கள் இரண்டு பேரும் கூட வரமாட்டோம் என்றார்கள். வந்தால் தாங்களும் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார்கள். மறுநாள் காலையில் அத்தை ஒரு துணி மூட்டையுடன் வாசலில் இறங்கி, பாதையைக் காலால் தடவித் தடவி நடக்க ஆரம்பித்தார். நான் என் குழந்தைகளைக் கொழுந்தனார் மனைவியிடம் விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வண்டியைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஐந்தாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு, பெண்களைப் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் நம்பர் எழுதினார்கள். சுவரில் தொங்கிய இந்தியா படத்துக்கு நேர் கீழே அத்தையின் இடம். ஒரு கண்ணில்தான் இந்த வருஷம் செய்வோம், இன்னொன்று அடுத்த வருஷம் என்றார் டாக்டர். ஆனால் கட்டு இரண்டு கண்ணுக்கும் சேர்த்துத்தான். தலைக்கு இரண்டு பக்கமும் சின்ன மணல் மூட்டை. எட்டு நாள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். எழக்கூடாது, திரும்பக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது, அழக்கூடாது. கஞ்சிதான் ஆகாரம். தையல் பிரிந்தால் கண் போய்விடும் என்று டாக்டர் ஒவ்வொரு பெஞ்சாக நின்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓடிக்கொண்டே இருந்த மனுஷியை இப்படிப் படுக்க வைத்தால் எப்படி என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அத்தை இரண்டு நாளும் மரக்கட்டை மாதிரி கிடந்தார். கொசு கடித்தால்கூடக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து பெஞ்சில் அது நடந்தது. அந்த அம்மா காங்கயத்துப் பக்கம். அவரைப் பார்க்க அவருடைய சம்பந்தியம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு மனுஷி. உள்ளே நுழையும்போதே, "ஏனுங்க சம்பந்தி, நல்லா இருக்கறீங்களா?" என்றார். கேட்ட உடனே இந்த அம்மா, "அட, வாங்க, வாங்க!" என்று சடாரென்று எழுந்து உட்கார்ந்து கையைக் கூப்பிவிட்டார்.

நர்ஸ் ஓடி வந்தார். கண்ணைக் கட்டியிருந்த துணி சிவப்பாக ஊறியிருந்தது. டாக்டர் வந்து அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "உங்களை யாரும்மா எந்திரிக்கச் சொன்னது?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன மாதிரி கேட்டார்.

"சம்பந்தி வந்திருக்காங்க. படுத்துட்டே எப்படிங்க கேக்கறது?" என்றார் அந்த அம்மா.

அந்தக் கண் போய்விட்டது. சம்பந்தியம்மா பழத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை ஒன்றும் பார்க்கவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து மெதுவாக, "அம்மணி" என்றார்.

"என்னுங்க அத்தை?"

"இந்த உடம்ப நம்ப முடியாது. என்ற காதுல யாரு கொரலாவது விழுந்தா நானும் எந்திரிச்சுப்போடுவேன். அறுபது வருசப் பழக்கம். என்னையக் கட்டிப்போடு."

"என்னுங்க சொல்றீங்க?"

"பழைய சீலை ஒண்ணு மூட்டையில இருக்குது. மார்மேல போட்டு பெஞ்சுக்கு அடியில சுத்திக் கட்டு. அப்புறம் வாசல்ல போய் நின்னுக்க. ஆரு வந்தாலும் உள்ளார உடாதே. ஆரு வந்தாலும்."

நர்ஸ் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. முடிச்சை இழுத்துப் பார்த்து, "மூச்சு விட முடியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கட்டுவது சுலபமாக இருந்தது. வாசலில் நிற்பதுதான் முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து தினமும் ஆட்கள் வந்தார்கள். அத்தையிடம் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள், பிரசவம் பார்த்துக்கொண்டவர்கள், பத்து மைல் நடந்து வந்தவர்கள். சாத்துக்குடி, ரொட்டி, ஒருத்தர் ஒரு கோழி. எனக்கு வாய் வரவில்லை. கதவு நிலையில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன்.

"என்னம்மணி, கையை எடு, போறோம்."

நான் எடுக்கவில்லை.

"ஊமையா நீயி? உன்ற ஊட்டுக்கா வந்தோம்? பள்ளிக்கொடத்துக்குத்தான வந்தோம்?"

"நம்ம ஊட்டு மருமகள்னா இப்படித்தான் இருக்கோணும். மாமியாளக் கட்டிப்போட்டுட்டு வாசல்ல காவல் நிக்கறா" என்றாள் இன்னொருத்தி. கட்டிப்போட்டது அதற்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. உள்ளே பார்த்தேன். சீலைக் கட்டுக்குக் கீழே அத்தையின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் அவருக்குக் கேட்கிறது. வாயை இறுக மூடியிருந்தார். நானும் கையை எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் அத்தையின் தம்பி வந்தார். தனியாக. வெறுங்காலோடு. அக்காவுக்குக் கண் இரண்டும் போய்விட்டதாம் என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து பெஞ்சுச் செய்தி அப்படித் திரிந்து போயிருந்தது. வேர்க்க விறுவிறுக்க நேராக வாசலுக்கு வந்துவிட்டார்.

விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் வராத மனுஷர். இப்போது திருப்பி அனுப்பினால் செத்தாலும் வரமாட்டார். உள்ளே விட்டால், அவர் 'அக்கா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், எந்தக் கட்டும் நிற்காது. கட்டு நின்றாலும் அழுகை நிற்காது. கதவு நிலையிலிருந்து கையை எடுக்காமல், எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் சொல்லாத சொல்லைச் சொன்னேன்.

"வராதீங்க."

அவர் புரியாதது போலப் பார்த்தார்.

"உள்ளார வராதீங்க. பேசாதீங்க. வெளிய வாங்க, சொல்றேன்."

"வாங்கன்னு கேக்க ஆளில்லைன்னு போனேன்" என்றார். "இப்ப வராதீங்கன்னு சொல்றக்கே ஆளு வெச்சிருக்கறாளா?"

நல்லவேளை, அவர் குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். நான் அவரைத் தாண்டி மைதானத்து வேப்ப மரத்துக்கு நடந்தேன். பின்னால் வருவாரா என்று தெரியவில்லை. வந்தார். என் வாழ்க்கையில் ஒரு ஆண்பிள்ளையிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தை தலையாட்டியதையும் அங்கேயே மீறினேன். காது குத்துக்கு முன்னாலிருந்தே கண் தெரியவில்லை என்று சொன்னேன். குழம்பு தரையில் ஊற்றியது, பொம்மையிடம் பேசியது, செருப்புச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்வது, அவர் செருப்பு போடாதது, அன்று மேளம் அடித்தது, ராத்திரி சாப்பிடாதது எல்லாம் சொன்னேன். முன்னும் பின்னுமாகச் சொல்லியிருப்பேன். அவர் வேப்பமரத்துப் பட்டையை நகத்தால் பெயர்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொன்னா மூலையில உக்கார வெச்சுப்போடுவீங்கன்னாங்க."

"வெச்சிருப்போம்" என்றார். கையிலிருந்த பட்டையைக் கீழே போட்டுவிட்டு, "கண்ணு போவலையில்ல?" என்றார்.

"மூணு நாள் கழிச்சுத்தானுங்க தெரியும்."

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. துண்டை உதறி விரித்து, ஐந்தாம் வகுப்பு வாசல்படியின் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். அந்த மூன்று நாளும் நான் நிம்மதியாக உள்ளே இருந்து கஞ்சி கொடுத்தேன். யார் வந்தாலும் அவர் தலையை நிமிர்த்தாமல் "வராதீங்க" என்பார். காரணம் சொல்லமாட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அந்த மனுஷரோடு கோபித்துக்கொண்டு போனார்கள் என்று தெரியாது. வாசலில் இருப்பது யார் என்று அத்தைக்கு நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் கஞ்சி ஊட்டும்போது ஒரு தடவை, "வெளிய இருக்கறவனுக்கும் ஒரு டம்ளர் குடு" என்றார். குரல் ஆடவில்லை. விரல்கள் மட்டும் பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்தன.

எட்டாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி, "எத்தனை?" என்றார்.

அத்தை இமையைத் திறந்து மூடித் திறந்தார். தண்ணீராக வழிந்தது.

"மூணுங்க" என்றார். "நடு வெரல்ல மை ஒட்டீருக்குதுங்க."

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தம்பி வாசலிலேயே நின்றார். அத்தை அந்தப் பக்கம் திரும்பிக் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இப்படித் தேஞ்சு போயிட்டே? உன்ற பொண்டாட்டி சோறு போடறாளா இல்லையா?" என்றார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தடிக் கண்ணாடி வந்தது. அத்தை மறுபடியும் கஞ்சித் தூக்கோடு கிளம்பிவிட்டார். மகன்கள், ஒரு கண் வந்ததே போதும் என்றார்கள். அவர் அடுத்த வருஷத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். தன் கண்ணுக்காக மட்டும் அல்ல. பக்கத்து பெஞ்சு அம்மாவுக்கும் இன்னொரு கண்ணில் புரை இருக்கிறதே என்பது அவரைத் தூங்கவிடவில்லை. ஊரை விசாரித்துக்கொண்டு மூன்று தடவை காங்கயத்துப் பக்கம் போனார். இரண்டாவது தடவை என்னையும் கூட்டிப் போனார்.

"உங்களுக்கு வந்துது, எனக்குப் போச்சு. அவ்வளவுதானுங்க" என்றார் அந்த அம்மா, மூலையில் உட்கார்ந்தபடி. பக்கத்தில் குச்சி சாய்ந்திருந்தது.

"போனது கத்தியால இல்லீங்க. எந்திரிச்சதால. இந்த வாட்டி எந்திரிக்க உடமாட்டேன்."

"இன்னொண்ணும் போச்சுன்னா?"

"போவாதுங்க. நான் பக்கத்துல படுத்திருப்பேனுல்ல?"

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை விடவில்லை. அங்கிருந்து நேராக சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனார். ஒரு வருஷமாக அந்த மனுஷி வெளியில் தலைகாட்டாமல் இருந்தார். "உங்களாலதான் போச்சுன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தா இன்னொரு கண்ணு வருமுங்களா? வாசல்ல நிக்கறக்கு ஆளு வேணும், வாங்க" என்று கூப்பிட்டார். மூன்றாம் தடவை இரண்டு பேருமாகப் போய்த்தான் அந்த அம்மாவைக் கிளப்பினார்கள்.

அந்தக் கோடையில் அதே பள்ளிக்கூடம், பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சு. இரண்டு பேருக்கும் மார்மேல் சீலை கட்டினேன். வாசலில் சம்பந்தியம்மா நின்றார். ஒரு ஈயைக்கூட உள்ளே விடவில்லை. அந்த அம்மா அசைகிற சத்தம் கேட்டாலே அத்தை, "அசையாதீங்க!" என்று அதட்டுவார். டாக்டர் வந்து அத்தையை அதட்டுவார்.

எட்டாம் நாள் இரண்டு பேருக்கும் கட்டு அவிழ்த்தார்கள். அத்தைக்கு இரண்டாவது கண்ணும் தெளிந்தது. அந்த அம்மா டாக்டரின் விரலைச் சரியாகச் சொல்லிவிட்டு, மெதுவாகப் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளில் அவர் அத்தையின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"நீங்க போட்ட அதட்டலுக்கு ஆறடி இருப்பீங்கன்னு நெனச்சேனுங்க. இத்தனூண்டுதான் இருக்கறீங்க?"

"இருக்கறதே போதுமுங்க" என்றார் அத்தை. "மொதல்ல கஞ்சியக் குடிங்க."